இரண்டாவது படகு

முதல் வருடம் ஆறு பேர்.
மருந்துப் பெட்டி என் காலடியில்,
ரொசாரியோ வடித்த சோறு அவள் மடியில்.
கிவான் துறையிலிருந்து பம்ப் படகில் மூன்று மணி நேரம்.
பல் பிடுங்கிக்கொள்ள மணலில் வரிசை நின்றார்கள்.
கோயில் பெஞ்சுதான் நாற்காலி.
அண்ணாந்த வாய்க்கு வெளிச்சம்
சூரியன் கொடுத்த வரைக்கும்.

எல்லாம் என் தலைக்குள் இருந்தது:
எந்த வீட்டில் மேசை இரவல் கிடைக்கும்,
பச்சை ஜெனரேட்டரை எங்கே உதைத்தால் கிளம்பும்,
யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ஊசியைக் கண்டால் மயக்கம்,
விரலைக் கடிக்கிற பையன் எவன்.
எழுதி வைக்கவில்லை.
நேரமில்லை என்பேன்.
எழுதினால் வேறு யாராவது படித்துவிடுவார்களே
என்பதும்தான்.

பதினோராம் வருடம் நாற்பத்து மூன்று பேர்,
ஒரே நிறச் சட்டையில்.
தக்லோபானிலிருந்து நர்சிங் மாணவிகள்,
செபுவிலிருந்து ஒரு வங்கிக்காரர்;
மாத்திரை எண்ண வந்தவர், படம் எடுத்துக்கொண்டிருந்தார்.
இரண்டு முறை வடித்தும் சோறு போதவில்லை.
கையுறை தேடிக் குனிந்திருந்த என்னை
ஒரு பெண் தோளில் தட்டி,
"புதுசா? பேரைப் பதிஞ்சுட்டீங்களா?" என்றாள்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
கொசுவலைக்குள் போன பிறகு சிரிப்பு வரவில்லை.

பஞ்சு எங்கே என்று என்னைக் கேட்டார்கள்.
அடுத்தது யார், குப்பையை எங்கே கொட்ட,
குழந்தை அழுகிறது, என்ன செய்ய.
வலியோடு நின்றவர்களைவிட
கேள்வியோடு நின்றவர்கள் அதிகம்.
மத்தியானம்வரை நான் பிடுங்கியது ஒரே ஒரு பல்.
அதுவும் பால்பல், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது.

கீழே ஒன்று முட்டினால் மேலே இருப்பது ஆடும்,
நோய் இல்லை அது, பயப்படாதீர்கள்
என்று அதன் அம்மாவிடம் சொன்னேன்.
வழக்கமாகச் சொல்வதுதான்.

இரண்டு படகு என்று முடிவானது.
ரொசாரியோ புதுத் தொப்பி வாங்கி வைத்திருந்தாள்.
பதினோரு வருடச் சோறு அவளுடையது.
நான் ஜோவிலின் பெயரைச் சொன்னேன்.
தண்ணீர் கேன் சுமக்கிறவள், அதிகம் பேசாதவள்,
பேசிய இரண்டு முறையும்
என் கணக்கு தப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னவள்.
இரண்டு முறையும் தப்புதான்.

ரொசாரியோ ஒன்றும் கேட்கவில்லை.
அரிசி களைந்தாள், களைந்தாள்,
தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்தாள்.
தகுதி, பொறுப்பு, குழுவின் நலன்;
நல்ல நல்ல சொற்கள் என்னிடம் இருந்தன.
அந்தப் பானைக்குள் போடத்தக்கது ஒன்றுகூட இல்லை.

ஜோவிலின் பதினாறு பேரோடு போனாள்,
இரண்டு இளம் டாக்டர்கள், பச்சை ஜெனரேட்டர்.
எங்கே உதைப்பது என்று நான் சொல்லவில்லை.
மறந்துவிட்டது என்று
படகு சின்னதாகும்வரை சொல்லிக்கொண்டேன்.

என் படகு மறுநாள்தான்.
துறையில் உட்கார்ந்து குறடுகளை எண்ணினேன்.
பதினேழு. பதினாறு. பதினேழு.
போனில் சிக்னல் இல்லை. கடலில் ஒன்றும் இல்லை.

இருட்டிய பிறகு வந்தார்கள்.
மரத்துப்போகும் மருந்து தீர்ந்ததாம்,
ஒன்பது பேரைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம்.
நான் ஒருவரையும் அனுப்பியதில்லை;
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு,
கை நடுங்க நடுங்கப் பிடுங்கியிருக்கிறேன்.
தொண்டைவரை வந்துவிட்டது கத்தல்.

அவள் ஒரு நோட்டை நீட்டினாள்.
ஒன்பது பெயர், எந்தப் பல், எந்த வீடு,
யாருக்குச் சர்க்கரை,
அடுத்த முறை முதலில் யார்.
கடைசிப் பக்கத்தில், உப்புநீர் பட்டுக் கலைந்த எழுத்தில்:
'பச்சை ஜெனரேட்டர். உதைக்க வேண்டாம்.
பிளக்கைத் துடைத்தால் போதும்.'

பதினோரு வருடம் உதைத்திருக்கிறேன்.

நோட்டை இரவு முழுக்க வைத்திருந்தேன்,
படிக்க என்று சொல்லி.
ரொசாரியோ இன்னும் பேசவில்லை.
விடிந்தால் என் படகு.
அரிசி யார் எடுத்து வருகிறார்கள் என்று
யாரையாவது கேட்க வேண்டும்.